எட்டு விநாடி

காலையிலேயே நாத்தனார் வாயில் விழுந்து எழுந்தாள் செனோபியா.

"இந்த வருஷமாவது என் தம்பி நிம்மதியா வீட்டுக்குள்ள வரட்டும். போன வருஷம் மாதிரி சோப்புப் பாட்டைப் போட்டு விரட்டிடாத," என்றாள் பஸ்குவாலா, மேசைமேல் கறுப்புத் துணியை இழுத்து விரித்தபடி. முகம் வைத்த ரொட்டிகளை அடுக்கினாள். ஊன்றி நடக்கக் கரும்பைச் சாய்த்தாள், வழிக்குத் தண்ணீர் சுமக்க வெங்காயத்தாளை வைத்தாள். நடுவில் செனோபியாவின் புருஷன் ஃபெர்மினின் படம். அவன் அதில் சிரிக்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படம், அதில் யார் சிரிப்பார்கள்?

"நானா மதினி போட்டேன்? அந்த மெஷின் போட்டுச்சு."

"மெஷினை வச்சுக் காப்பாத்துறது யாரு?"

செனோபியா பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். ஃபெர்மினுடைய சுரங்க பூட்ஸ். முன்பக்கம் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் அவளுக்குச் சரியாக இருக்கும். மழை தொடங்கிவிட்ட வில்லகோயோ ஊர்ச் சேற்றுக்கு வேறு எதுவும் தாங்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தின் நாலாவது தளம் சரிந்தது. ஒன்பது பேர் போனார்கள், ஃபெர்மின் உட்பட. இறந்தவர்கள் நவம்பர் முதல் தேதி உச்சிப்பொழுதுக்கு வீட்டுக்கு வருவார்கள், மறுநாள் உச்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். புதிதாகப் போனவருக்கு மூன்று வருஷம் மேசை போடுவார்கள். மூன்றாவது வருஷத்தோடு வழியனுப்பு முடிந்துவிடும். அதற்குமேல் அவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. இது மூன்றாவது.

முன்பெல்லாம் உச்சிக்குச் சுரங்கக் கம்பெனியின் சங்கு ஊதும், ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரும். மெழுகுவத்தி ஆடினாலும் சரி, ரொட்டிமேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலும் சரி, வந்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கம்பெனி போன கையோடு சங்கும் போயிற்று. ஆளுக்கொரு கடிகாரம், ஆளுக்கொரு மணி. அதனால் இப்போது பெண்கள் சங்கத்து ரேடியோ சொல்வதுதான் உச்சி. எல்லார் அடுப்படியிலும் அதுதான் திறந்திருக்கும். ஒன்பது பெயரையும் வாசித்து, ஒரு நிமிஷம் மௌனம் என்று சொல்ல வேண்டியது செனோபியாவின் வேலை. அவள்தான் அறிவிப்பாளர்.

போன வருஷம் அவள் அப்படித்தான் சொன்னாள். மௌனம் எட்டு விநாடி நின்றது. ஒன்பதாவது விநாடியில், சத்தம் நின்றால் தானாக விளம்பரம் போடுகிற மெஷினிலிருந்து, 'வெள்ளை வெள்ளை! உங்க வீட்டுத் துணி வெள்ளை!' என்று ஒருத்தி ஊர் பூராவுக்கும் கூவத் தொடங்கினாள். நிறுத்துவதற்குள் அந்தப் பாழாய்ப்போன பாட்டு இரண்டு அடி முடிந்துவிட்டது. சந்தையில் அதற்கப்புறம் ஒரு மாதம், "உங்க வீட்டுக்காரர் துணி துவைக்கவா வந்தார்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பஸ்குவாலா சிரிக்கவில்லை. அன்று ரொட்டிமேல் ஈ உட்காரவில்லை என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

சேற்றில் சளக் சளக்கென்று நடந்து நிலையத்துக்கு வந்தாள் செனோபியா. வாசலில் நின்று துணியால் பூட்ஸைத் துடைத்தாள். பூட்ஸைப் படியில் தட்டிச் சேறு உதிர்க்கிற வழக்கம் அவளுக்கு அறவே ஆகாது. அதற்காகவே பதினாறு வருஷம் புருஷனோடு மல்லுக்கட்டியவள்.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ரோலாந்தோவுக்குப் போன் போட்டாள். மெஷினைப் பொருத்திவிட்டுப் போன ஆள் அவன்தான், ஒருரோ நகரத்துக்காரன்.

"தம்பி, அந்த எட்டு விநாடியை ஒரு நிமிஷமா மாத்திக் குடுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"மறந்தே போச்சுக்கா. கடவுச்சொல் லேப்டாப்புல இருக்கு. லேப்டாப் ஒருரோவுல இருக்கு."

"நீ எங்க இருக்க?"

"பஸ்ஸுல. அம்மாவுக்கு மேசை போட ஊருக்குப் போறேன்."

செனோபியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவன் அம்மாவுக்கு மேசை, அவள் புருஷனுக்குச் சோப்புப் பாட்டு. என்ன நியாயம் இது!

"வயரைப் பிடுங்கிடட்டுமா?"

"ஐயையோ, வேணாம். மைக்கே அது வழியாத்தான் போகுது. பிடுங்கினா ரேடியோவெல்லாம் சர்ருன்னு இரையும், காதைப் பொத்திட்டு ஓடுவாங்க. அக்கா, அந்த மெஷினுக்கு மௌனம்னா என்னன்னு தெரியாது. நிலையம் பழுதாயிடுச்சுன்னு நினைச்சு, பாவம், அதுக்குத் தெரிஞ்சதைப் பாடுது."

"அதுக்குப் பாவம் வேற பார்க்கணுமா நான்?"

"சத்தத்தைக் காட்டுற ஊசி இருக்குல்ல? அது ரெண்டைத் தாண்டற மாதிரி இடையில ஏதாச்சும் சத்தம் வந்தாப் போதும். மறுபடி முதல்லேர்ந்து எண்ணும். ஒரு கோயில் பாட்டை மெதுவாப் போடுங்களேன்."

"கோயில் பாட்டைக் கேட்டா எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கம் வந்துடும். வாசல்லயே படுத்துடுவார்."

ரோலாந்தோ சிரித்தான். பஸ் மலைக்குள் நுழைந்ததோ என்னவோ, சிரிப்பு பாதியில் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். போகவில்லை.

மணி பத்தரை. ஒரு நாட்டுப்பாடலை ஓடவிட்டு, பக்கத்து மைக்கில் சோதித்துப் பார்க்கத் தொடங்கினாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஊசி அசையவில்லை. காகிதத்தைக் கசக்கினாள். ஒன்றைத் தொட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. பேனாவால் மேசையைத் தட்டினாள், அதற்கும் அப்படித்தான். தொண்டையைக் கனைத்தால் நாலுக்குத் தாவியது. ஆனால் செத்தவர்களுக்கான நிமிஷத்தில் அறிவிப்பாளர் பத்துத் தரம் கனைத்தால் ஊர் என்ன சொல்லும்? செனோபியாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லும்.

ஜன்னலைத் திறந்து மைக்கை வெளியே நீட்டினாள். மற்ற நாளில் ஒரு வார்த்தை பேசவிடாது இந்தத் தெரு. எதிர் வீட்டுச் சேவல் செய்திக்கு நடுவில் கூவும், கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டே போவான், பட்டறைக்காரன் தகரத்தை அறுப்பான். இன்றைக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் மேசைமுன் குளித்து உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூவித் தொலையேன்," என்று சேவலைப் பார்த்துக் கெஞ்சினாள். அது ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டது.

அவளுக்கு அழுகையாக வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு நிமிஷம் சும்மா இருப்பதற்கு இத்தனை பாடா? மூன்று வருஷமாக அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். வெங்காய விலை, காணாமல் போன லாமாக் குட்டி, கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. சும்மா இருக்க வேண்டிய ஒரே இடத்தில் ஒரு பெட்டி அவளை விடமாட்டேன் என்கிறது. இதில் வீட்டில் மதினி மெழுகுவத்தியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபெர்மின் இன்றைக்கும் வாசலோடு திரும்பிப் போனால், இனிக் கூப்பிடவே முடியாது. ஆயுசு முழுக்க அந்தப் பழி அவள் தலையில்தான்.

பன்னிரண்டு ஆயிற்று.

மைக்கைத் திறந்தாள். ஒன்பது பெயரையும் வாசித்தாள். ஃபெர்மின் பெயர் ஏழாவது. "வர்றவங்களுக்கு வழி விட்டு, ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்," என்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மெஷின் எண்ணுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பித்தது. பேனாவைத் தேடி எடுத்தாள். ஐந்து. பேனாவால் தட்டினாள், மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்துத் தட்டினாள். ஊசி ஒன்றோடு நின்றது. ஆறு. கனைத்தால் சளி என்று சொல்வார்கள். ஏழு.

"சனியனே!" என்று உதட்டுக்குள் முனகி, மேசையின் கால்பலகையில் இடது காலால் ஓர் உதை விட்டாள்.

டொக்.

ஊசி ஐந்துக்கு எகிறிற்று. விளக்கு அணைந்தது. ஆத்திரம் அடங்காமல் இன்னொரு உதை, அதே காலால். அது போதாதென்று வலது காலால் ஒன்று.

டொக் டொக். டொக்.

பூட்ஸ் அடியில் மிச்சமிருந்த சேறு காய்ந்து தரையில் பொலபொலவென்று உதிர்ந்தது. செனோபியா குனிந்து பூட்ஸைப் பார்த்தாள். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இடது இரண்டு, வலது ஒன்று. பதினாறு வருஷம் தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, படியில் இப்படித்தான் தட்டுவான். அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கமாட்டாள், திட்ட மட்டும் செய்வாள். வீடு கூட்டுகிறவள் அவள் அல்லவா? ஒரு நாளாவது அந்தச் சத்தத்துக்குச் சந்தோஷப்பட்டிருக்கிறாளா? உயிரோடு வந்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம் இருந்தது. கையில் கரண்டியோடு அதைக் கேட்டுவிட்டு, படி கெட்டுப்போகிறது என்று கத்தியிருக்கிறாள்.

நாலு. ஐந்து. இந்தத் தடவை விளக்குக்காகக் காத்திருக்கவில்லை. வலது காலை நிதானமாக ஊன்றிக்கொண்டு தட்டினாள். டொக் டொக். கொஞ்சம் விட்டு, டொக். அவன் நடுவில் ஒரு மூச்சு விடுவான். அந்த இடைவெளியையும் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே தெரு காலியாகக் கிடந்தது. மறுபடியும் விளக்கு மினுங்கியது, மறுபடியும் தட்டினாள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி மைக்கில் சொட்டியது.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மெதுவா தட்டுய்யா! படியைப் பேத்து உள்ள கொண்டாந்துடாத!"

சொன்னபிறகுதான் மைக் திறந்திருப்பது நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு. மௌனம் என்று சொல்லிவிட்டு மேசையை உதைத்ததும் அல்லாமல், செத்தவனை ரேடியோவில் அதட்டியும் ஆயிற்று. சோப்புப் பாட்டே தேவலை என்பார்கள். மிச்சம் இருந்த நேரத்துக்கும் தட்டினாள். தொடங்கியதைப் பாதியில் விட மனம் வரவில்லை. கடைசி முறை தட்டியபோது கடிகாரத்தின் விநாடி முள் அறுபதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

போன் அடித்தது.

பஸ்குவாலாதான். செனோபியா எடுத்துக் காதில் வைத்து, ஏச்சு வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம்தான் வந்தது.

"மதினி?"

"தெரியும்டி," என்றாள் பஸ்குவாலா. "ரேடியோதான்னு எனக்குத் தெரியும். நீதான் அதுன்னும் தெரியும். இந்தக் கால் கேட்டாத்தானே? போய்க் கதவைத் திறந்துட்டேன்."

செனோபியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எதிர் வீட்டு விதவையும் திறந்துட்டு நிக்கிறா. அந்தக் கோடி வரைக்கும் பார்க்கிறேன், எல்லாக் கதவும் திறந்து கெடக்கு." பஸ்குவாலா மூக்கை உறிஞ்சினாள். "அவனுக்கும் சேர்த்து வேர்க்கடலைச் சூப்பு ஊத்தி வச்சிருக்கேன். நீ சீக்கிரம் வா. வந்து இன்னும் ரெண்டு திட்டுத் திட்டு. நீ திட்டாம அவன் என்னைக்கு உக்காந்து சாப்பிட்டிருக்கான்?"

"வர்றேன்," என்றாள் செனோபியா. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

மேசைமேல் சிவப்பு விளக்கு மினுங்கியது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. 'வெள்ளை வெள்ளை! உங்க வீட்டுத் துணி வெள்ளை!' என்று மெஷின் கூவத் தொடங்கிற்று.

"பாடு, பாடித் தொலை," என்று சொல்லிவிட்டுச் செனோபியா போர்வையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் துணியைத் தேடவில்லை. பூட்ஸைப் படியில் தட்டிவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போனாள்.