கூரையில் விழுந்த வழுக்கை

ஈரத்துணியால் ஒருமுறை துடைத்த பிறகுதான் ஆஷிக்குக்குத் தான் செய்துவிட்ட காரியம் புரிந்தது.

ஜீப்பின் வெள்ளைக் கூரை கழற்றப்பட்டு, பட்டறை நடுவில் இரண்டு மரத்தாங்கிகள் மேல் கிடந்தது. கூரை முழுக்க ரவையைத் தூவி ஒட்டவைத்ததுபோல மணி மணியாகச் சொரசொரப்பு. பின்மூலையில் மட்டும், ஒரு தலையணை அகலத்துக்கு, மழமழவென்று வழுக்கை. மெஷினை வைத்துத் தேய்த்து அந்த வழுக்கையை உண்டாக்கியவன் அவன்தான்.

அவன் மேல் தப்பு சொல்வதும் கஷ்டம். தொண்டியில் ஃபைபர் படகு செப்பனிட்டுப் பழகிய கை அது. படகில் சொரசொரப்பு என்றாலே குறை. பாசி பிடிக்கும், வேகம் குறையும். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். கை எங்காவது தடுக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான் செய்தான். செம்பனை மரத்து மட்டை விழுந்து உடைத்த ஓட்டையை உள்பக்கமாக அடைத்துவிட்டு, கண்ணை மூடித் தடவினான். தடுக்கியது. தேய்த்தான். மறுபடியும் தடுக்கியது. மறுபடியும் தேய்த்தான்.

இப்போது குனிந்து பார்த்தால், மிச்சக் கூரையில் ஒரு மணிகூட முன்னே பின்னே இல்லை. வெயில் தின்ற சொரசொரப்பு என்றுதான் நினைத்திருந்தான்; வெயில் தின்று இத்தனை ஒழுங்காக வருமா? கூரையை வார்க்கும்போதே அச்சில் விழுந்த சொரசொரப்பு இது. இந்தப் பழைய ஜீப்புக்கு மாற்றுக் கூரை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று முதலாளி பவனேஷ் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

 திங்கட்கிழமை அவனுடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டால் இந்த நாட்டில், இந்தப் புக்கிட் பெருந்துங்கில் இருக்கலாம். போடாவிட்டால் ஊருக்குத்தான். முன்பு கூட வேலை பார்த்த பாலன் ஒரு வாடிக்கையாளரின் கார்க் கண்ணாடியை உடைத்தான். அடுத்த வாரம் அவன் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

போனில் அக்கா ஃபஹீமாவின் குரல் பதிவு வந்து கிடந்தது. பெர்மிட் ஆயிடுச்சாடா, உம்மா கேட்டுக்கிட்டே இருக்கு என்றாள்.  

முதலாளிக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. ஜீப்புக்காரம்மா சாயங்காலம் வந்துவிடுவார்.

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கூரையின் நல்ல பக்கத்தில் மெழுகு தடவி, அதன்மேல் ரெசினும் கண்ணாடி நார்ப்பாயும் போட்டு, மெல்லிய பத்தையாக ஓர் அச்சு எடுப்பது. பிறகு வழுக்கையில் புது வெள்ளைப் பூச்சைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே அந்த அச்சை வைத்து அமுக்குவது. ஆனால் மெழுகு ஒரு குழியில் படாமல் விட்டாலும் போச்சு. ரெசின் அங்கே பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது நல்ல பக்கத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஒரு மூலைக்குத் திட்டு வாங்கப்போகிறவன் முழுக் கூரைக்கும் வாங்குவான்.

பல் துலக்கும் பிரஷை எடுத்து மெழுகைக் குழி குழியாகத் தேய்த்தான். காய்ந்ததும் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தான். எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது. ரெசின் ஊற்றிவிட்டு மறுபடியும் முதலாளிக்கு அடித்தான், எடுக்கவில்லை. காத்திருந்தபோது தகரக் கூரையில் மழை இறங்கியது. சூடு ஏறி, ஆறி, இறுகியது. விளிம்பில் மரச்செதிலைச் செருகி மெல்ல நெம்பினான்.

டப்பென்று சத்தம் கேட்டது. பிஸ்மில்லா சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்க்கத் தைரியம் வர நேரமானது. பத்தை மட்டும் கையோடு வந்திருந்தது. கூரை அப்படியே இருந்தது.

பழசின் நிறம் வருவதற்காக வெள்ளைப் பூச்சில் துளி மஞ்சள் கலந்தான். தடவினான். அச்சுக்கும் மெழுகு போட்டு, காற்றுக்குமிழ் நிற்காதபடி ஒரு முனையிலிருந்து அமுக்கிக்கொண்டே வந்து, மேலே மணல் மூட்டைகளை ஏற்றினான். அதை உரித்து, ஓரத்தை ஈரத்தாளால் இழைத்து முடிக்கும்போது வாசலில் லோரி வந்து நின்றது. பவனேஷ் இறங்கினார். பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு புனிதவதி. கோலா குபு பாருவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், ஜீப் அவருடையது.

புனிதவதி கூரையில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஆஷிக் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மூலைக்கு வந்து நின்றது.

"இங்க மட்டும் பளபளன்னு இருக்கே, பவனேஷ்?"

"அந்த இடம் தேய்ஞ்சு வழுக்கையாப் போச்சு மேடம்," என்றார் பவனேஷ். "பையன் அச்சு எடுத்துத் திரும்பப் போட்டிருக்கான். ஒரு வெயில் பட்டா மங்கிடும்."

 முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 

புனிதவதி குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கேருந்துப்பா அச்சு எடுத்த?"

அவன் முன்பக்கத்தைக் காட்டினான்.  அங்கேயும் தடவிப் பார்த்தார். நாளைக்கு வந்து மாட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் பையில் பார்சல் வாங்கிவந்த தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் பட்டறையில் மழைச்சத்தம் மட்டும்தான். பவனேஷ் அச்சுப் பத்தையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ், நீங்க எப்ப பாத்தீங்க?"

"மத்தியானமே வந்தேன். நீ குனிஞ்சு மெழுகு தேச்சிக்கிட்டு இருந்த. கூரையப் பாத்தேன். அப்படியே திரும்பிக் கடைக்குப் போயிட்டேன்." பத்தையை மேசையில் வைத்தார். "எனக்கும் பயமாப் போயிடுச்சிலா. அந்தம்மா சின்ன வயசுல எனக்கு ஊசி போட்டவங்க. அவங்க முன்னால நின்னு என்ன சொல்றது? அதான் அப்புறம் நீ அடிச்சப்ப போன எடுக்கல."

 ஆஷிக்குக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவாரா?

"திங்கக்கிழமை நீளக் கால்சட்டை போட்டுட்டு வா," என்றார் பவனேஷ். "இந்த அரைக்கால் சிலுவாரோட வந்தா இமிகிரேசன்ல உள்ளயே விட மாட்டான்."

அவர் லோரியை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஆஷிக் தேத்தண்ணிப் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். விரல்களில் ரெசின் காய்ந்து ஒட்டியிருந்தது. முடிச்சு அவிழவில்லை.