மஞ்சள் பூ நீரில் விழுந்த நிழல்

அந்த மழைக்காலத்தில் கடைத்தெருவில் பாதிப்பேர் தாங்கள் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒரு மனிதருக்காக ஏங்கினார்கள். முதலில் ஏங்கியது தபால்காரர். கடிதம் கொடுக்கப் போன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, காலிக் கண்ணாடித் தம்ளரை நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவர் இன்னும் வரலையே" என்றார். யார் என்று வீட்டுக்காரி விசாரித்தாள். சட்டையில் இடது கையை மட்டும் மடித்து விட்டிருப்பார், வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர் போல இருப்பார், அவ்வளவுதான் தெரியும் என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சன்னல் பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டார். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பில் ரொட்டியை மறந்தார். வாரம் முடிவதற்குள் பேருந்து நிறுத்தத்தில் பயணம் போகிறவர்களைவிட, இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க வந்து நிற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வெங்காயம் விலை ஏறியிருந்தது. அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள ஆளில்லை.

எல்லோரும் பூச்சொட்டு வீட்டில் மஞ்சள் பூ பாட்டில் வாங்கியவர்கள். அந்த வீட்டின் தொழில் அப்பா காலத்திலிருந்து வருவது. விடிந்ததும் பூவை ஒரு இலையால் மூடிப் பிடித்துக் கிள்ள வேண்டும், விரல் படக்கூடாது. ஊற்றுநீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் பூக்களை மிதக்கவிட்டு முற்றத்து வெயிலில் வைத்துப் பக்கத்தில் காவல் உட்கார வேண்டும். பூ தன்னிடம் இருப்பதை நீருக்குக் கொடுத்துவிட்டு வாடத் தொடங்கும்போது நீரை வடித்து, கெடாமல் இருக்கச் சம அளவு பிராந்தி சேர்த்து, சொட்டுக்குழாய் வைத்த சின்ன பாட்டில்களில் அடைப்பார்கள். நாக்குக்கு அடியில் நாலு சொட்டு. பயந்தவர்களுக்கு ஒரு பூ, இரண்டு மனதாகத் தவிப்பவர்களுக்கு ஒரு பூ, எரிந்து விழுகிறவர்களுக்கு ஒரு பூ. உடம்புக்கு என்றால் டாக்டரிடம் போங்கள், இங்கே மனசுக்கு மட்டும்தான் என்று அப்பா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பிராந்திக்காகவே வருகிறவர்கள் உண்டு என்று தெருவில் கேலி நடக்கும். ஒருவர் அப்படி எல்லா வகையிலும் ஒவ்வொரு பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துப் பார்த்தார். எல்லா நிம்மதியும் ஒரே நேரத்தில் வந்துவிட, சில நாட்கள் சிரித்த முகத்தோடு தூங்கினார். அவர் மனைவி மறு வாரமே வந்து இன்னொரு தடவைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் இரண்டு விதிகள் இருந்தன. கிண்ணத்து நீரில் மனித நிழல் விழக்கூடாது; விழுந்தால் அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். தன் வாயால் சொல்லாதவருக்குச் சொட்டு கிடையாது. வந்து உட்கார்ந்தவரிடம் "என்ன செய்யுது?" என்று வீட்டார் கேட்பார்கள், அவர் தனக்குள் நடப்பதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். சொன்னது அந்த அறையின் வாசலைத் தாண்டாது. ஊரின் துக்கம், பொறாமை, வெட்கம் எல்லாவற்றையும் கேட்டும் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு வார்த்தை வெளியே கசிந்ததில்லை. அப்படிப்பட்ட குடும்பம் அது.

அப்பாவுக்குப் பிறகு கேட்கும் நாற்காலியில் மூத்த மகள் உட்கார்ந்தாள். தலை முழுக்க வெளுத்த பின்னும் முதுகு நாற்காலியின் சாய்வில் படாது. தெருவில் அவளுக்கு அளவுகோல் என்று பெயர். அது காதில் விழுந்தபோது, வளையாதது என்ற பொருளில்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மேலும் நிமிர்ந்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. தம்பி பாட்டில்களில் அடைக்கும் வேலையைப் பார்த்தான். தம்பி மனைவி பூ பறிப்பதும் காவலிருப்பதும்.

மஞ்சள் பூ மதில் கொடியில் மழைக்கு முன்னால் சில நாட்கள் மட்டும் பூக்கும். செய்ததையே செய்து சலித்துப் போனவர்களுக்கான பூ என்பதால் அதை வாங்காத வீடு குறைவு. அன்று காவலிருந்த தம்பி மனைவி, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். மூத்தவள் வந்து உட்கார்ந்தாள். மதிலுக்கு வெளியே, தள்ளுவண்டியில் விளக்குக் கண்ணாடி வாங்க வந்த யாரோ ஒருத்தி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் அதைத் தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு மூத்தவள் எழுந்தாள். எழுந்தது மட்டுமில்லை, வாழ்நாளில் வளையாத முதுகை வளைத்து, கிண்ணத்துக்கு மேலாக எட்டித் தெருவைப் பார்த்தாள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆகும் நேரம் அவள் நிழல் மஞ்சள் பூக்களின் மேல் கிடந்தது.

நீரைக் கொட்டியிருக்க வேண்டும். கொட்டினால் ஏன் என்று தம்பி கேட்பான்; நிழல் விழுந்தது என்றால், எதற்கு எட்டிப் பார்த்தாய் என்று கேட்பான். அவள் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டாள். பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு வந்த தம்பி மனைவியிடம், "பூ நல்லா எறங்கிடுச்சு" என்று மட்டும் சொன்னாள். பாட்டில்களில் அடைத்தாயிற்று. மழை பிடித்தது. ஊர் ஏங்கத் தொடங்கியது.

அவளுக்கு விஷயம் புரிந்தது தையல்காரர் வந்தபோது. தாய் தகப்பன், பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர் அவர். கேட்கும் அறையில் உட்கார்ந்து, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தர் ஞாபகமாவே இருக்குக்கா. யாருன்னு தெரியல. பாட்டிலைத் தட்டிப் பாத்துட்டு, இது பேசுது, இது பேசலன்னு சொல்லுவார். அளவுகூட எனக்குத் தெரியுது, தோள் கொஞ்சம் எறக்கம். நேத்து எடது கையை மடிச்சு விட்ட மாதிரி ஒரு சட்டை வெட்டிட்டேன். யாருக்குன்னு கேட்டா சிரிப்பாங்க."

மூத்தவள் அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அந்தத் தோள் இறக்கத்தைச் சுமந்துகொண்டுதான் அவள் இத்தனை வருஷமும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஊர் ஏங்கிய அந்த மனிதர் பாட்டில் விற்க வருகிறவர். அப்பா காலத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை, வைக்கோல் அடைத்த பெட்டியோடு வருவார். ஒவ்வொரு பாட்டிலையும் தட்டிக் கேட்டுத்தான் கொடுப்பார். பேசாததைத் தனியே வைத்துவிடுவார். கணக்குப் பார்க்க உட்கார்ந்தது அவள் என்பதால் தட்டின பாட்டிலை அவள் காதருகிலும் நீட்டுவார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் நடக்காது. கடைசியாக வந்தபோது பெட்டியைக் கட்டிக்கொண்டே, "அடுத்த தடவை வர்றப்போ அப்பாகிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றார். அடுத்த தடவை வேறொருவர் வந்தார். அவர் பாட்டில்களைத் தட்டிப் பார்க்கவில்லை. பழையவர் என்ன ஆனார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால், எதற்குக் கேட்கிறாள் என்று புதியவருக்குத் தோன்றிவிடும் அல்லவா. அப்பா இறந்தார், கொடி மதிலைத் தாண்டியது, தம்பிக்குக் கல்யாணமாயிற்று. கண்ணாடிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அவள் எழாமல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டாள். ஒரே ஒரு நாள்தான் எழுந்தாள்.

தையல்காரருக்கு அவள் எந்தச் சொட்டும் கொடுக்காமல் அனுப்பினாள். அன்று மாலை ரொட்டிக்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று அந்த மனிதரின் கழுத்தைப் பற்றி டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது அவளுக்கு வந்தது பயமில்லை. அவள் ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்க்கத் துணியாத கழுத்தைப் பற்றி, மாவு ஒட்டின கையை ஆட்டி ஆட்டி ஒருவர் பேசுகிறார். எரிச்சலில் அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி மெதுவாக யோசிக்கிறவன், ஆனால் யோசித்து முடித்துவிடுவான். நீரில் யாருடைய ஏக்கமோ விழுந்திருக்கிறது. கிண்ணத்தருகே இருந்தது இரண்டு பெண்கள். அக்காவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தூணுக்கு ஏக்கம் வருமா என்று யாராவது யோசிப்பார்களா. அவன் மனைவி பக்கம் பார்ப்பதை நிறுத்தினான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்த எடது கை மடிச்சவன் யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய், கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியை இறக்கி, அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். மூத்தவள் கூடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நாள் வாய் திறக்காமல் இருந்தால் போதும்; வீட்டின் பழியை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டு போய்விடும், அளவுகோல் அளவுகோலாகவே இருக்கும். ஆனால் பழியை இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றி அனுப்புவதற்குப் பெயர் மானம் இல்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் மகள்.

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. அவள் கண்ணாடிக் கிண்ணத்தைத் தானே கழுவி, வீட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தாள். மஞ்சள் பூ பாட்டில் வாங்கின எல்லோரும் மிச்சத்தைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். தெரு கூடியது. தம்பி உள்ளிருந்து வந்தான். அவன் மனைவி பெட்டியைக் கீழே வைக்காமல் நிலைப்படியில் நின்றாள்.

"தப்பு என்னுது. என் நிழல் விழுந்துச்சு. காவல்ல இருந்தது நான், அவ இல்ல. பாட்டிலை இதுல ஊத்திட்டுப் போங்க" என்றாள் மூத்தவள்.

அதோடு முடித்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தாள். யாரும் அசையவில்லை. ரொட்டிக்கடைக்காரர் பாட்டிலைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். தையல்காரர்தான் முன்னால் வந்தார்.

"சொட்டு கேக்கறவங்க வாயால சொல்லணும்னு உங்க வீட்டு விதி இருக்கில்லக்கா" என்றார் பணிவாக. "உங்களுக்கு என்ன செய்யுது?"

அத்தனை வருஷமும் அவள் கேட்ட கேள்வி. அவளிடம் யாரும் கேட்டதில்லை. தம்பி குறுக்கே வரப் பார்த்தான். அவன் மனைவி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூத்தவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"பாட்டில் விக்க ஒருத்தர் வருவார். அடுத்த தடவை பேசணும்னு சொல்லிட்டுப் போனார். வரல. நான் காத்துக்கிட்டு இருக்கேன். இன்னிக்கும்தான். நீங்க எல்லாரும் இப்போ வச்சுக்கிட்டு இருக்கறது என்னுது. எனக்கு வேணும். குடுத்துடுங்க."

 முதலில் தபால்காரர் வந்து தன் பாட்டிலைக் கிண்ணத்தில் கவிழ்த்தார். டீச்சர் ஊற்றினார், ஊற்றும்போது, "ரொம்ப நல்ல மனுஷன்" என்றார் மெதுவாக. "தெரியும்" என்றாள் மூத்தவள். ரொட்டிக்கடைக்காரர் கடைசி நாலு சொட்டை நாக்கில் விட்டுக்கொள்ளலாமா என்று யோசித்து, அவள் பார்வையைக் கண்டு முழுவதையும் ஊற்றினார். ஊற்றியவர்களை ஏக்கம் அங்கேயே விட்டது. அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் வெங்காய விலையைக் கேட்டுத் திடுக்கிட்டார்கள்.

தையல்காரர் மட்டும் பாட்டிலைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றார்.

"எனக்குன்னு யாரும் இருந்ததில்லக்கா. யாரும் இல்லாததுக்கும், ஒருத்தர் வரலைங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இப்பதான் தெரிஞ்சுது. இதை நான் வச்சுக்கட்டுமா?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். இந்தக் குடும்பம் தன் பொருளை இரவல் கொடுத்த வழக்கமில்லை. கடைசியில், "பத்திரமா வச்சுக்கோங்க" என்றாள்.

கிண்ணத்தில் சேர்ந்ததை அவள் அங்கேயே நின்று குடித்தாள். பெரும் பாரம் மேலே விழுந்தது போல முக்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் சாயவில்லை. தம்பி மனைவியின் கையிலிருந்த தகரப் பெட்டியை வாங்கி, அவளே பரணில் ஏற்றி வைத்தாள். தம்பி சில வாரங்கள் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் பாட்டில்களோடு பாட்டிலாக இருந்தான். பின்பு ஒரு நாள், புதுச் சரக்கு வந்து இறங்கியபோது, ஒரு பாட்டிலை நகத்தால் தட்டி, "இது எப்படிக்கா?" என்று அவள் காதருகே நீட்டினான். பேசுகிறது என்றாள்.

அதற்குப் பின் வந்த வருஷங்களில் மஞ்சள் பூ பூத்தது, மழை பெய்தது, ஊர் சலித்தது, சொட்டு வாங்கியது, தெளிந்தது. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் தையல்காரர் தோள் இறக்கி ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு வருவார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கேட்கும் அறையின் கதவுக்குப் பின்னால் மூத்தவள் மாட்டுவாள். சாயங்காலம் இரண்டு கையும் நீளமாகத் தொங்கும். விடிந்து கதவைத் திறந்தால் இடது கை மட்டும் முழங்கை வரை மடிந்திருக்கும். அவள் அதை இறக்கிவிட்டு, இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டுவாள். மறுநாளும் மடிந்திருக்கும். புதிதாக வந்த ஒரு பெண், உள்ளே யாரோ ஆம்பளை இருக்கிறாரா, வெயிலில் நடந்து வந்த வாசனை அடிக்கிறதே என்று தயங்கினாள்.

"பாட்டில்காரர் சட்டைம்மா" என்றான் தம்பி, சொட்டுக்குழாய்களைத் துடைத்துக்கொண்டே. "நீங்க உக்காருங்க. அக்கா இப்ப வந்து கேப்பாங்க."