பிஞ்சைச் சுட்டிய விரல்

ஆராயியின் பூசணிக்கொடியில் மேயும் செவ்வண்டுகள், பிஞ்சை விரல் நீட்டிச் சுட்டிக்காட்டியவர் யாரோ அவர் விரலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். லோதி காலனிக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இதை முதலில் தெரிந்துகொண்டவர் கொத்தனார் ஏகாம்பரம். போன வருடம் ஒரு பிஞ்சைக் காட்டி, "இது எனக்கு" என்றார். அது அழுகி விழுந்த மறுநாள் மூன்று வண்டுகள் அவர் விரலில் அமர்ந்து, இரண்டு மாதம் கூடவே வேலைக்குப் போய்வந்தன. பிஞ்சை மடக்கிய விரலால்தான் காட்ட வேண்டும் என்பது சேலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டெல்லிக்கு வந்தால் மறந்துவிடுமா என்ன?

இந்த வருடம் தகரக் கூரையில் ஒன்பது பிஞ்சுகள். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஆராயி, விடிந்ததும் வண்டுகளைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள், இலைகளில் சாம்பல் தூவினாள், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வேப்பெண்ணெய் வாங்கிக் கரைத்துத் தெளித்தாள். வண்டுகள் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் பளபளத்தன. பிஞ்சுகளோ ஒவ்வொன்றாக அழுகின. யாரோ சுட்டியிருக்கிறார்கள், அதுவும் ஒன்பதையும். சந்தேகம் பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரி மேல் விழுந்தது. பதினெட்டு வருடச் சிநேகிதி அவள். ஆராயி டைபாய்டில் கிடந்த மாதம், ஒரு வீடும் கைநழுவாமல் நான்கிலும் தானே வேலை செய்தவள். அதுவே குற்றமாயிற்று. கொடியருகே அத்தனை உரிமையோடு வேறு யார் நிற்பார்கள்?

"நான் காட்டவே இல்லக்கா" என்றாள் சாந்தகுமாரி. "அவ கண்ணும் சரியில்ல, கையும் சரியில்ல" என்று ஆராயி சந்து முழுக்கச் சொன்னாள். சந்தும் நம்பியது.

கடைசிப் பிஞ்சு விழுந்தால்தான் வண்டுகள் கிளம்பும். அது விழுந்த மறுநாள், ஞாயிறு காலை எல்லோரையும் கை நீட்டி நிற்கவைத்தாள் ஆராயி. அவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கண்காணித்தாள். வண்டுகள் இறங்கிவந்து, சாந்தகுமாரியின் விரல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு விலகின.

"வேப்பெண்ண பூசிட்டு வந்திருப்பா. நல்லாப் பாருங்க."

ஆராயி சொல்லி வாய் மூடுவதற்குள், இருபத்தேழு வண்டுகளும் அவள் ஆள்காட்டி விரலில் தொடங்கி மணிக்கட்டுவரை வரிசையாக உட்கார்ந்தன. சேலத்திலிருக்கும் மகள் மேகலாவுக்கு வீடியோ காலில் கொடியைக் காட்டியபோது, "ஒண்ணு, ரெண்டு" என்று ஒன்பதையும் விரல் நீட்டி எண்ணியது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

கொடி மறுபடி துளிர்த்து ஆகஸ்டில் ஏழு காய் காய்த்தது. முதல் காயைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாந்தகுமாரி வாசலில் நின்றாள் ஆராயி.

"தப்புதாண்டி."

சாந்தகுமாரி காயை வாங்கவில்லை. "வண்டு சொன்னதும் நம்பிட்ட. நான் சொன்னப்ப நம்பல இல்ல?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு இன்றுவரை ஆராயிக்குத் திறக்கவில்லை.

வண்டுகளும் போகவில்லை. வேலை வீட்டு மேடம் முதல் நாள் மட்டும் "யே க்யா ஹை?", இது என்ன என்று கேட்டாள். ஆராயி பாத்திரம் தேய்க்கும்போது அவை முழங்கைக்கு மேலே ஏறி ஒதுங்கி நிற்கின்றன. கை உலர்ந்ததும் விரலுக்குத் திரும்பிவிடுகின்றன.