வேலாயிக்காக இருந்த விரதம்

கறுப்பையா கங்காணி தன் மனைவி பரிமளத்தையும் மகள் யசோதாவையும் கண்டிக்கு டாக்கிப் படம் பார்க்கக் கூட்டிப்போனது முப்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். பெரிய கங்காணி என்றால் அப்படித்தான் போகவேண்டும். தோட்டத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேரை அவரும் அவருடைய தகப்பனாரும்தான் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள். வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடியாக அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

படக்கொட்டகை வாசலில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். அந்தப் படத்தை ஓடவிடக்கூடாது என்று டவுனில் சில பெரிய மனிதர்கள் சத்தம் போட்டிருந்தார்கள். சாமியைக் கேவலப்படுத்துகிற படம் என்று பேச்சு. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்கள் பாதி கிழிந்து தொங்கின. கங்காணிக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டுகள் நன்றாக இருக்கின்றன என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தார்.

தீண்டாச் சாதியில் பிறந்த ஒருத்தியின் கதை அது. அம்மனுக்குத் தன் கையால் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஊர் அவளை அடிக்கிறது, குடத்தை உடைக்கிறது, குடிசைக்குத் தீ வைக்கிறது. கடைசியில் பஞ்சம் வந்து கோவில் கிணறும் வற்றிப்போகிறது. தாகம் தாங்காமல் அம்மனே கருவறையை விட்டு இறங்கி, சேரிக்கு நடந்துவந்து, அவள் முன்னால் இரண்டு கையையும் ஏந்தித் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள்.

அந்த இடத்தில் கொட்டகை முழுவதும் அழுதது. பரிமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணியும் சரிகைத் துண்டால் கண்ணைத் துடைத்ததை யசோதா பார்த்தாள். காரில் திரும்பும்போது அவர், "பாவம், அந்தப் பொம்பளப் புள்ளைய என்னா பாடு படுத்திட்டானுங்க" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார்.

அப்பாவின் மனது இளகிவிட்டது என்று யசோதா அன்றைக்கு நம்பினாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. சின்ன வயதிலிருந்தே சாமிப் பித்து. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பொழுது இருப்பாள். தோட்டத்து மாரியம்மன் கோவிலை அவளே கூட்டிக் கழுவிக் கோலம் போடுவாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம், அம்மனுக்கு ஊழியம் செய்துகொண்டே இருந்துவிடுகிறேன் என்பாள். பரிமளம் அதைக் கேட்டுச் சிரிப்பாள். விளக்கு முன்னால் கண்ணை மூடினால் அம்மன் தன்னைப் பார்ப்பது தெரிகிறது என்று யசோதா சொன்னது பொய்யில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

கோவில் ஒரு மேட்டில் இருந்தது. தீண்டாச் சாதியார் என்று கீழ் லயத்து வரிசைவீடுகளில் ஒதுக்கிவைத்திருந்த ஆட்கள் திருவிழாவுக்குத் தப்பு அடிப்பார்கள், பந்தல் கட்டுவார்கள், ஆனால் படிக்குக் கீழேதான் நிற்பார்கள். மலையூற்றுத் தண்ணீர் குழாயாக விழும் மேல் பீலியில் அவர்கள் தண்ணீர் பிடிக்கக்கூடாது. படிக்கு மேலேயே வளர்ந்த யசோதா அதுவரை இதைப் பற்றி யோசித்ததில்லை. படம் பார்த்த பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

கீழ் லயத்து வேலாயி, கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு கங்காணி வீட்டு மாட்டுப்பட்டியைக் கூட்ட வருவாள். யசோதாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். புருஷன் வீரையா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். ராக்கு என்று மூன்று வயதில் ஒரு மகள். வேலாயி சாணி அள்ளும்போது ராக்கு வேலியோரம் உட்கார்ந்து மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பாள். யசோதா அவளுக்கு அவித்த கிழங்கோ வாழைப்பழமோ கொண்டுபோய் வைப்பாள்.

திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று யசோதா மாட்டுப்பட்டிக்கு வந்து படத்தின் கதையை முழுவதும் சொன்னாள். வேலாயி சாணிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆசையாகத்தான் கேட்டாள். அம்மன் தண்ணீர் குடித்த இடத்தில், "அடியாத்தே, நெசமாவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீயும் அம்மனுக்குத் தண்ணி எடுக்கணும், வேலாயி."

வேலாயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கூடையைத் தூக்கிவிட்டாள்.

"அதெல்லாம் நமக்கு வேணாங்க சின்னம்மா. கீழ நின்னு கும்புட்டாலே ஆத்தா பாத்துக்கிருவா."

"படிக்கு மேல வந்தா மட்டும் பாக்க மாட்டாளா? எல்லாரும் அவ புள்ளைங்கதானே?"

"ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கங்காணி சொல்லுவாருங்களே."

"அப்பா படம் பாத்து அழுதாரு. நான் கண்ணால பாத்தேன்."

"அது படங்க" என்றாள் வேலாயி.

அவள் கூடையோடு போய்விட்டாள். யசோதா விடவில்லை. அடுத்த நாளும் வந்தாள். "நீ சம்மதிக்கிற வரைக்கும் நான் சாப்பிடப்போறதில்ல. பச்சத்தண்ணிகூட பல்லுல படாது" என்றாள். இந்தியாவில் பெரியவர்கள் பட்டினி இருந்து கோவில்களைத் திறக்க வைக்கிறார்கள் என்று அவள் பேப்பரில் படித்திருந்தாள். அன்பினால் ஒருவர் மனதைத் திருப்புகிற வழி அது என்று நினைத்தாள். அந்தப் பட்டினி யாரை நெருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பரிமளம் அதைத் திருவிழா விரதம் என்றே எடுத்துக்கொண்டாள். பிறகு மகளின் உதடு வெடித்து, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று ஆனபோது பயந்துபோனாள். மாட்டுப்பட்டிக்கு வந்த வேலாயியிடம் அவளே, "புள்ள என்னமோ வேண்டுதல் வச்சிருக்கு, என்னான்னு சொல்ல மாட்டேங்குது" என்று கண் கலங்கினாள். வேலாயி குனிந்த தலை நிமிராமல் கூட்டினாள்.

வீட்டுக்குப் போய் வீரையாவிடம் சொன்னாள். அவன் திண்ணைக்கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"போனா அடிப்பானுக. போகாம அந்தப் புள்ளைக்கு ஏதும் ஆயிருச்சின்னா, இவளாலதான்னு சொல்லிக் கொன்னே போடுவானுக."

"அப்ப என்னா செய்யச் சொல்ற?"

"என்னாத்தச் சொல்றது? அது கங்காணி மக. கேட்டா குடுக்கத்தான் வேணும்."

மறுநாள் வேலாயி வந்து, "சரிங்க சின்னம்மா, வாறேன். மொதல்ல கொஞ்சம் கஞ்சி குடிங்க" என்றாள். யசோதா அழுதபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலாயி சட்டென்று கையை இழுத்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

திருவிழா அன்று காலையில் மேல் லயத்துப் பெண்கள் பீலியிலிருந்து மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு வரிசையாக வந்தார்கள். முன்னால் யசோதா. படியடியில் தப்புக்காரர்களுக்குப் பக்கத்தில் வேலாயி குளித்து ஈரத் தலையோடு நின்றாள். இடுப்பில் ராக்கு இருந்தாள். யசோதா அங்கே நின்று, குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, தான் சுமந்துவந்த குடத்தை வேலாயியின் தலையில் ஏற்றினாள். "என் பின்னாலயே வா" என்றாள்.

ஏழெட்டுப் படி ஏறும்வரை யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தப்புச் சத்தம் நின்றது. முதலில் கையை நிறுத்தியவர்கள் கீழ் லயத்து ஆட்கள்தான்.

வேலாயி மேலே வந்து நின்றாள். குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் தோளில் வழிந்தது. பூசாரி கருவறை வாசலை மறித்து நின்றார். யசோதா அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏதோ நடக்கும் என்று முழு மனதோடு காத்திருந்தாள். ஒரு பூ விழும், விளக்கு அசையும், யாருக்காவது அருள் வந்து நல்ல வாக்கு வரும். கற்சிலை எண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கங்காணி வந்தார்.

"யாரு இவ கையில கொடத்தக் குடுத்தது?"

"நான்தாம்ப்பா குடுத்தேன்" என்றாள் யசோதா. "அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் கட்டாயப்படுத்துனேன். நீங்களே படத்துல பாத்தீங்களே, அம்மன்..."

கங்காணி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் கணக்குத்தான் அதிகம் இருந்தது. சுற்றிலும் மேல் லயத்து ஆண்கள் நின்றார்கள். அவருக்குக் கீழே இருந்த சின்னக் கங்காணிமார் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் மக நாலஞ்சு நாளா அன்ன ஆகாரம் இல்லாம கெடந்துச்சு" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "புத்தி நெதானத்துல இல்ல. அந்த நேரம் பாத்து இந்தச் சிறுக்கி அது கையிலருந்து கொடத்தப் பறிச்சிட்டா."

"இல்லப்பா! பொய் சொல்லாதீங்க! நான்தான்..."

"பாருங்க, காத்து கருப்பு அடிச்ச மாதிரி கத்துறத" என்றார் பூசாரி.

பெண்கள் யசோதாவைப் பிடித்துக்கொண்டார்கள். ராக்குவை யாரோ பிடுங்கிக் கீழே விட்டார்கள். யசோதா தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கத்தக் கத்த, அவளுக்குச் சித்தம் சரியில்லை என்பது எல்லோருக்கும் உறுதியாகிக்கொண்டே வந்தது. வேலாயியின் குடம் விழுந்து உடைந்தது. முதல் அடியை யார் அடித்தார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. ஓடி வந்து குறுக்கே விழுந்த வீரையாவைப் படியிலிருந்து உருட்டிவிட்டார்கள். அதில் அவனுடைய வலது கை மணிக்கட்டு முறிந்தது.

யசோதாவை வீட்டில் வைத்துப் பூட்டினார்கள். பூசாரி வந்து வேப்பிலை அடித்தார், திருநீறு போட்டார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. கீழ் லயத்திலிருந்து வீரையாவும் வேலாயியும் தலையில் மூட்டையோடு இறங்கிப் போனார்கள். ராக்குவின் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்திருந்தார்கள். தோட்டத்தை விட்டு விலகியதற்கான பற்றுச்சீட்டை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் ஹேவாஹெட்டவிலும் சரி வேறெங்கும் சரி, எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். கீழ் லயத்திலிருந்து வழியனுப்ப ஒருவரும் வெளியே வரவில்லை. அங்கே மிச்சமிருந்தவர்களுக்கும் தண்டனையாக அந்த மாதம் பாதி நாள் வேலை இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது. அதற்காக அவர்கள் வேலாயியைத்தான் திட்டினார்கள்.

கதவைத் திறந்துவிட்ட முதல் நாளே யசோதா துரையின் பங்களாவுக்குப் போனாள். துரை விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் தமிழில் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

"கோவில் விஷயம் உன் தகப்பன் விஷயம்" என்றார். "நான் கோவிலுக்குள்ளே வந்தால் உங்களுக்குப் பிடிக்குமா?"

"கை ஒடிஞ்சவன வெரட்டிட்டாங்க, தொர."

"கை ஒடிஞ்சவன் கவ்வாத்து வெட்ட முடியாது" என்றார் துரை. பிறகு பங்களா வேலைக்கார அப்புவைக் கூப்பிட்டு, கங்காணியின் மகளைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

அன்று மாலை அப்பா அவளை அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அடிக்கவில்லை. எதிரே வந்து உட்கார்ந்து, களைத்த குரலில் பேசினார்.

"ஒன்னய நான் பைத்தியம்னு சொல்லலேன்னா, ஒன்னயும் சேத்துத் தள்ளிவச்சிருப்பானுக. எனக்கு வேற வழி தெரியல."

"அன்னிக்கு ஏம்ப்பா அழுதீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே பதில் தேடுகிற முகம்.

"எல்லாரும் அழுதாங்க" என்றார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவளை வத்தேகமவில் சில்லறைக்கடை வைத்திருந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தம் கலங்கியிருந்தவள் என்ற பேச்சு பரவியிருந்ததால் மாப்பிள்ளை இரண்டாந்தாரமாகத்தான் கிடைத்தான். கெட்டவன் இல்லை. அவள் சாமி அறைப் பக்கம் போகாததை அவன் முதலில் கவனித்தான், பிறகு பழகிவிட்டான். விளக்கை அவனுடைய தங்கச்சி ஏற்றினாள். யசோதா கண்ணை மூடினால் இப்போது எதுவும் தெரிவதில்லை. கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கடைக்குச் சாமான் எடுக்கப் புருஷனோடு கண்டிக்கு வந்தபோது, மார்க்கட்டுக்குப் பின்னால் சாக்கடைக் கானைக் கூட்டிக்கொண்டிருந்த வேலாயியைக் கண்டாள். ஆள் பாதியாகியிருந்தாள். நகரசபைக் குப்பை வண்டி பக்கத்தில் நின்றது.

"வேலாயி!"

வேலாயி நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்தது. முகத்தில் எதுவும் அசையவில்லை.

"ராக்கு எங்க?"

"காச்சல்ல போயிருச்சிங்க. அந்த மழையிலேயே. நாவலப்பிட்டிப் பக்கம் வேல தேடிப் போனப்ப."

"வீரையா?" என்றாள் யசோதா.

"குடிக்கிறாரு. ஒடிஞ்ச கை கூடல." வேலாயி மறுபடியும் கூட்டத் தொடங்கினாள். "எங்க சனமே இந்த வேல செய்யாதுங்க. இப்ப எங்க ஆளுகளும் எங்க கையில தண்ணி வாங்குறதில்ல."

"நான் நல்லதுன்னு நெனச்சுதான்..."

"தெரியுங்க." அவள் விளக்குமாற்றை நிறுத்தினாள். குரல் உயரவில்லை. "நீங்க நல்லவங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நான் ஒங்ககிட்ட கேட்டேனா, சின்னம்மா? ஒரு நாளாச்சும் அந்தப் படி ஏறணும்னு வாய் தொறந்து கேட்டேனா?"

யசோதா கையிலிருந்த வளையலைக் கழற்றப் போனாள்.

"வேணாங்க" என்று வேலாயி அவசரமாகத் தடுத்தாள். "எங்க திருடுனேன்னு கேப்பாங்க. ஓவர்சீயர் வாற நேரம். ஒங்களோட நின்னு பேசுறத அவரு பாத்தாருன்னா இந்த வேலையும் போயிரும். தயவு செஞ்சு போங்க."

வண்டிக்கு அந்தப் பக்கமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டினாள்.

யசோதா புகையிரத நிலையத்துக்கு நடந்தாள். வத்தேகம வண்டி ஏற்கெனவே வந்து நின்றது. புருஷன் சாமான் மூட்டைகளைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தான்.

"மார்க்கட்டுல யாரோடயோ பேசிக்கிட்டு நின்னியாமே? சாமான் கடைத் தம்பிப்பிள்ளை கண்டதாச் சொன்னாரு. யாரு அது?"

"யாருமில்ல" என்றாள் யசோதா. "தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்."

அவன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். வண்டி நகர்ந்தது. அவள் கைகளை மடியில் வைத்தபடி வத்தேகம வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.