திரும்பப் பெற்றவை

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நோட்டு இருந்தது. கெட்டி அட்டை, சிவப்புத் துணி முதுகு. தவறான ரிப்போர்ட் வெளியே போய்விட்டால் அதைத் திரும்பப் பெற்று, யாருடையது, எப்போது தெரிந்தது, எப்போது தெரிவித்தோம், என்ன காரணம் என்று நான்கு கட்டங்களில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. 'திரும்பப் பெற்றவை' என்று முதல் பக்கத்தில் அப்பா தம் கையால் எழுதியிருந்தார். அதன் பிறகு முப்பத்து நான்கு வருஷமாக அதில் ஒரு சொட்டு மை விழவில்லை. சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் அப்பா முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். வெற்றுத் தாள்களை அவர்கள் கடைசிவரை புரட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்.

அப்பா இறந்தபின் கூடமும் நோட்டும் அக்காவிடம் வந்தன. அக்கா என்றால் எல்லாருக்கும் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட ரத்தம் கொடுக்கக் கை நீட்டும்போது "மெதுவாக்கா" என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் காட்சி என்று எதற்கும் தலையாட்டாமல் கூடத்துக்கே வாழ்க்கைப்பட்டவள் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். முகத்துக்கு நேரே பேசிய ஆளில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர் அவள் தம்பி.

சென்ற மாதம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. கூடத்தின் ரிப்போர்ட்டுகளில் பாதி கம்பி வழியாக அங்கேதான் போகும். உங்கள் சர்வரில் ஓடும் கர்னல் மிகப் பழையது, பாதுகாப்பு ஓட்டைகள் உள்ளது, மாற்றாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று எழுதியிருந்தார்கள். கர்னல் என்பது எந்திரத்தின் அடியில் உட்கார்ந்து மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கும் மூல நிரல். சர்வர் அப்பா வாங்கி வைத்தது. ஸ்டோர் ரூம் மூலையில், ஊசி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, ஆறு வருஷமாக ஒரு நாள்கூட அணையாமல் இரைந்துகொண்டிருந்தது.

"வெளியாள் ஒருத்தரக் கூப்பிட்டுக்கலாமேக்கா. ஒரு மணி நேர வேலை," என்றான் தம்பி.

"அப்பா வச்ச மிஷின்ல யாரோ ஒருத்தன் கை வைக்கணுமா? நீ கையெழுத்துப் போடுற வேலையப் பாரு."

"நான் சொன்னா எங்க கேக்கப்போற. ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வராத."

"வர்ற அன்னிக்குப் பாத்துக்கலாம்."

அவள் சும்மா வீறாப்புக்குச் சொல்லவில்லை. அந்தக் கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையும் அவளுக்கு அத்துப்படி. ஆறாம் மாதம் மூன்றாம் தேதி, காலை ஐந்தரைக்கு வந்து கதவைத் திறந்தாள். அடிக்க வேண்டிய பதினோரு கட்டளைகளையும் முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். இப்போது ஓடுவது எந்தக் கர்னல் என்று கேட்டாள். எந்திரம் ஒரே வரியில் சொன்னது. தரவு முழுவதையும் வேறு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தாள். பென் டிரைவில் கொண்டுவந்திருந்த புதிய கர்னலை ஏற்றினாள். பழையதை அழிக்கவில்லை, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று பக்கத்திலேயே விட்டாள். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் தாளில் ஒரு டிக். பத்து டிக் ஆயிற்று. பதினோராவது, மறுபடி துவங்கு என்பது.

திரை இருண்டது. இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரி பாதியில் நின்றது.

அவள் பன்னிரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் பொறுக்கவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஸ்டோர் ரூமில் சத்தமே இல்லை. மனதுக்குள் முப்பது எண்ணிவிட்டு மறுபடி செருகினாள்.

எழுந்துகொண்டது. புதிய கர்னலின் எண் திரையில் வந்ததும் அக்காவுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் கவனித்தாள், எந்திரத்தின் கடிகாரம் எந்தக் காலத்திலோ ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தைத் தாங்க வேண்டிய பொத்தான் பேட்டரி உள்ளே எப்போதோ செத்துப் போயிருக்கிறது. மற்ற இடங்களில் இது ஒரு பொருட்டே இல்லை. வெளியுலகக் கடிகாரத்தைக் கேட்டு எந்திரமே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இந்த வீட்டில் அந்த வசதியை முதல் நாளே அப்பா அணைத்து வைத்துவிட்டார். "ஊரான் கடிகாரத்தப் பாத்து நம்ம வீட்டு நேரத்த வைக்கணுமா?" மாதா மாதம் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவரே இரண்டு மூன்று நிமிஷம் திருத்துவார். அவருக்குப் பின் அக்காவும் நிமிஷத்தைத் திருத்தியிருக்கிறாளே தவிர, தேதியைத் தொட்டதில்லை.

தேதியை வைக்கும் கட்டளைக்கு முதலில் மாதம், பிறகுதான் தேதி. அந்த வீட்டிலோ தேதி முதலில், மாதம் பிறகு. அக்கா மூன்று, ஆறு என்று அடித்து, மணி, நிமிஷம், வருஷம் சேர்த்தாள். எந்திரம் மார்ச் மாதம் ஆறாம் தேதி என்று எடுத்துக்கொண்டது. மணியும் நிமிஷமும் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போயின. அவள் பார்த்தது அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு வந்த தம்பி எட்டிப் பார்த்தான். "முடிஞ்சுதா? எல்லாத்தையும் ஒரு தடவ செக் பண்ணிட்டியா?"

"எனக்கா சொல்லித் தர்ற?" என்றாள் அக்கா. குரலில் சந்தோஷம் இருந்தது.

கூடத்தில் ஒவ்வொரு ரத்தக் குப்பிக்கும் எந்திரம் ஓர் எண் கொடுக்கும். வருஷத்தின் எத்தனையாவது நாள், அன்றைக்கு எத்தனையாவது ஆள், அவ்வளவுதான் அந்த எண்; புது வருஷம் பிறந்தால் போன வருஷத்து எண்களைத் தனியே ஒதுக்கிவிடும். அன்று காலை வந்தவர்களுக்கெல்லாம் மார்ச் ஆறாம் தேதி வந்தவர்களின் எண்களே மறுபடி கிடைத்தன. பழைய நிரல், அந்த எண்ணுக்கு ஏற்கெனவே முடிவு இருக்கிறதே என்று பார்த்து, மார்ச் மாத முடிவுகளை எடுத்து ஜூன் மாதப் பெயர்களின் கீழ் அச்சடித்துக் கொடுத்தது. தேதி மட்டும் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் தேதியை எந்திரம் போடக் கூடாது, ரப்பர் ஸ்டாம்பால்தான் குத்த வேண்டும் என்பதும் அப்பா வைத்த வழக்கம். பதினோரு ரிப்போர்ட். பதினொன்றிலும் தம்பி சரியான தேதியைக் குத்தி, கையெழுத்துப் போட்டான்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். இருபது வருஷச் சர்க்கரை.

"என்னம்மா இது, தொண்ணூத்திரண்டா? என் கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு கம்மியா இருந்ததில்லையே! சந்தோஷமா வாங்கிட்டுப் போயிடுறேன், ஆனா என் பொண்டாட்டி நம்பமாட்டா."

ரிசப்ஷன் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நேரே பரிசோதனை எந்திரத்திடம் போனாள். அது தானாக ஒரு காகிதச் சுருளில் அசல் அளவுகளை அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா சுருளை இழுத்துப் பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். மாமாவுக்கு இருநூற்று எழுபது. நான்காவது எண்ணில் அவள் விரல் நின்றது.

அது தெருமுனைப் பட்டறை வெல்டருடையது. சிறுநீரகக் கோளாறு உள்ளவன். இரண்டு நாளாகக் கால் தளர்கிறது என்று அவனைப் பார்க்கும் டாக்டர் அனுப்பியிருந்தார். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் நான்கு புள்ளி மூன்று, பழுதே இல்லை. சுருளில் ஏழு புள்ளி ஒன்று. எந்த நொடியிலும் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவு. அப்போது மணி ஒன்று ஐந்து.

தம்பி சுருளை எட்டிப் பார்த்தான். "உடனே ஃபோன் போடுக்கா."

அக்கா நோட்டு இருந்த அலமாரியைப் பார்த்தாள். "குப்பிய நல்லா வைக்காம ரத்த அணு உடைஞ்சிருந்தாலும் பொட்டாசியம் ஏறும். இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துடுவோம். நிச்சயம் பண்ணாம, எங்க ரிப்போர்ட் தப்புன்னு எப்படிச் சொல்றது?"

"நாப்பது நிமிஷம் ஆகுமேக்கா."

"ஆகட்டும். முப்பத்து நாலு வருஷம். எடுத்தேன் கவிழ்த்தேன்னு அழிக்க முடியாது."

தம்பி வெல்டரின் குப்பியை எடுத்து வந்து கொடுத்தான். அந்த வீட்டில் அக்கா சொன்னபின் பேசிப் பழக்கமில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து எந்திரம் ஏழு புள்ளி ஒன்று என்று மறுபடியும் சொன்னது. மற்ற பத்துப் பேரையும் கூப்பிடும்படி ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அக்கா தானே வெல்டர் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மூன்று முறை அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சரியான ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

பட்டறைக் கதவு பாதி இறங்கியிருந்தது. மேலே இரண்டு அறை வீடு. படிக்கட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஏறும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, கால்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. வெல்டரைக் கட்டிலில் கிடத்தி, வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடேயே கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வெல்டரின் அம்மா நாற்காலியில். அவர் மடியில் கூடத்தின் பெயர் அச்சிட்ட உறை.

"வாம்மா," என்றார் அந்த அம்மா, அக்காவை அடையாளம் கண்டு. "நீயே சொல்லு. காலையில உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான டாக்டரு, ஒண்ணுமில்ல, வீட்ல போய்ப் படுன்னு அனுப்பினாரு? உங்க வீட்டு ரிப்போர்ட் தப்பாகாதுன்னு ஊருக்கே தெரியும். காலையில நல்லா இருந்த ரத்தம் மத்தியானம் எப்படிக் கெடும்? இவதான் ஏதோ குடுத்திருக்கா. என்னத்தக் குடுத்தாளோ, என் புள்ளைக்கு."

"அத்தை, நான் கஞ்சிதான் குடுத்தேன். வேற எதுவும் குடுக்கல," என்றாள் மனைவி. எத்தனை தடவை சொல்லியிருந்தாளோ, குரலில் உயிரில்லை.

"அப்ப இந்தப் பேப்பர் பொய் சொல்லுதா?"

அறை முழுவதும் அக்காவைப் பார்த்தது. ஒரு வார்த்தை பேசாமல் ஆறுதலாகத் தலையசைத்துவிட்டு அவள் இறங்கிப் போயிருக்கலாம். நோட்டு வெள்ளையாகவே இருந்திருக்கும். இந்தப் பெண் மட்டும் சாகும்வரை புருஷனுக்கு எதையோ கொடுத்தவளாக இருந்திருப்பாள்.

"பொய்தான்மா," என்றாள் அக்கா. நின்ற இடத்தில் நிமிர்ந்தே நின்றாள். உட்காரச் சொல்லி யாரும் இடம் காட்டவில்லை. "அது உங்க பையன் ரத்தமே இல்ல. வேற யாரோடதோ. காலையில சர்வர்ல தேதிய நான் மாத்திப் போட்டுட்டேன். இதுதான் அவரோடது." பையிலிருந்து தாளை எடுத்தாள். "காலையிலேயே ரத்தம் மோசமாத்தான் இருந்துச்சு. இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு எங்களோடது. என்னோடது."

வெல்டரின் அம்மா தாளை வாங்கவில்லை. மனைவிதான் எழுந்து வந்து வாங்கினாள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் இரண்டாம் முறை ஓட்டிய நேரம் சிறியதாக அச்சாகியிருந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அக்கா தாளின் ஓரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்கு."

"ஒண்ணேகால் வரைக்கும் எங்கூடப் பேசிட்டு இருந்தாரு," என்றாள் அந்தப் பெண். "பட்டறையைத் திறக்கணும்னு சொல்லிட்டு இருந்தாரு. ஃபோன் என் மடியிலதான் இருந்துச்சு."

தாளை மடித்துக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். யாராவது கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால், அக்காவுக்குப் படி இறங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

கூடத்தில் தம்பி வெளிவிளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தாள். பிரித்தபோது முதுகு படபடவென்று முறிந்தது; இத்தனை வருஷத்தில் அதைப் புரட்டினார்களே தவிர, எழுத விரித்து வைத்ததே இல்லை. முதல் கட்டத்தில் வெல்டரின் பெயரையும் வயதையும் எழுதினாள்.

"அக்கா," என்றான் தம்பி மெதுவாக. "தெரிஞ்ச நேரம் ஒண்ணு அம்பதுன்னு போட்டுடு. மறுபடி ஓட்டினதுக்கு அப்புறம்தான நிச்சயமா தெரிஞ்சுது? அதுல பொய்யும் இல்லையே."

"அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு அஞ்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"கேஸாகும்க்கா. அப்பா பேரு..."

"அப்பா பேரு முதல் பக்கத்துல இருக்கு. அத யாரும் கிழிக்கப் போறதில்ல."

ஒன்று ஐந்து என்று எழுதினாள். தெரிவித்த நேரம், இரண்டு பத்து. காரணம் என்ற கட்டம் அகலம் குறைந்தது. அப்பா கோடு போடும்போது அதில் யாரும் எழுத நேராது என்று நினைத்திருக்க வேண்டும். சர்வரில் தேதி தவறு என்று எழுதி, அதன் கீழே, மேலும் நாற்பது நிமிஷத் தாமதம் என்று பொடி எழுத்தில் சேர்த்தாள். எழுத்து கோட்டைத் தாண்டி ஓரம்வரை போனது. கீழே தன் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே மேஜையில் வைத்தாள்.

பிறகு, மற்ற பத்துப் பேரையும் ரிசப்ஷன் பெண் குறித்து வைத்திருந்த பட்டியலை இழுத்து, நோட்டில் இரண்டாவது பெயரை எழுதத் தொடங்கினாள்.