பின்வரிசை முகம்

ஸ்டூடியோக்காரருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. சொந்த மகள் கல்யாணத்துக்கு அடுத்தவன் வந்து படமெடுப்பதா என்று வீம்பு பிடித்துத் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷர். வந்த இடத்தில் அது மானத்தை வாங்கியது. கூடத்தின் நடுவில் சின்னவளும் மாப்பிள்ளையும் ஜோராக நிற்க, திரையில் தெரிந்த ஃபோகஸ் கட்டமோ அவர்களைத் தாண்டி ஓடி, பின்வரிசையில் கதவோரம் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்த படத்திலெல்லாம் மாப்பிள்ளை கலங்கலாக இருந்தார். கதவு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

லென்ஸைக் கழற்றித் துடைத்தார். வேறு லென்ஸ் மாட்டினார். பேட்டரியைப் பிடுங்கிப் போட்டார். கையாலேயே ஃபோகஸ் செய்து பார்த்தார், கண் ஒத்துழைக்கவில்லை. மெனுவுக்குள் மட்டும் போகவில்லை. கேமரா வாங்கிய புதிதில் அதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவள் பெரியவள். அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பக்கமே அவர் கை வைத்ததில்லை.

மெனு என்ன மெனு, மகளையே இல்லையென்று ஆக்கியவர்தானே. தனக்கு ஒரே பெண் என்று சம்பந்தியிடம் கூசாமல் புளுகியிருந்தார். அந்தப் பெரியவள்தான் இப்போது தங்கை ரகசியமாகக் கூப்பிட்டதை நம்பி வந்து, கதவோரம் நின்றாள். அவள் வந்ததுமே அவர் பார்த்துவிட்டார். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொந்தக்காரர்களில் எவனாவது உளறிவிட்டால் என்னாவது என்று அவர்கள் பக்கமே கண் போய்க்கொண்டிருந்தது.

சம்பந்தி வாட்சைப் பார்த்தார். வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டார். இரண்டே நிமிஷம் என்று கெஞ்சிவிட்டு, ஸ்டூடியோக்காரர் கேமராவை உள்ளங்கையில் தட்டினார். தட்டினால் சரியாக அது என்ன பழைய ரேடியோவா?

அப்போது பக்கத்தில் ஒரு கை நீண்டது. பெரியவள்.

"சார், இப்படிக் குடுங்க" என்று வாங்கி மெனுவைத் திறந்தாள். "இதுல ஒரு முகத்தப் பதிஞ்சு வச்சிருக்கு. அந்த ஆளு கூட்டத்துல எங்க நின்னாலும் இது அங்கதான் போகும். அழிச்சிட்டா சரியாயிடும், சார்."

திரையில் அவளே இருந்தாள், சிரிப்பை அடக்கமாட்டாமல். கேமரா வாங்கிய புதிதில், சோதித்துப் பார்க்கத் தன் முகத்தையே பதிந்திருக்கிறாள். அழிக்கவா என்று கேமரா கேட்டது. அவள் விரல் பட்டனுக்குப் போனது.

அந்த 'சார்' அவரை ஓங்கி அறைந்தது. அப்பாவின் பொய்யை அவர் பெற்ற மகளே காப்பாற்றிக் கொடுக்கிறாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"விவரமான பொண்ணா இருக்கே" என்றார் சம்பந்தி. "உங்க ஸ்டூடியோவுல வேல பாக்குதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் கை மகளின் விரலைப் பிடித்து நிறுத்தியது.

"அழிக்காத" என்றார் அவளிடம். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினார். "இது என் மூத்த பொண்ணுங்க. ஒரே பொண்ணுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

சம்பந்தியின் முகம் இறுகிப்போயிற்று. என்ன சொல்லப்போகிறாரோ தெரியவில்லை. ஆனாலும் ஸ்டூடியோக்காரர் மகளிடமிருந்து கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"போய்த் தங்கச்சி பக்கத்துல நில்லும்மா" என்றார். "அங்க நின்னாத்தான் ரெண்டு பேரும் தெளிவா விழுவீங்க."