அஞ்சுக்கு நாலு

"வேதியியலும் எழுதினேன். ஆனால் நாலுதான் வந்தது" என்று சொல்லிவிட்டு சுரேகா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் பாடப்பதிவைக் கவனிக்கிறவர் ராகேஷ். ஃபிஜிக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஹூஸ்டனில் பள்ளியில் படித்தபோது அவள் எழுதிய ஏ.பி. தேர்வுகளின் விவரம் அவர் முன்னால் இருந்தது. பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் ஒன்றைப் படித்துத் தேர்வு எழுதிவிட்டால், கல்லூரிக்கு வந்தபின் அதை மறுபடி படிக்கத் தேவையில்லை. கணிதத்துக்கு நேரே ஐந்து என்று நிரப்பியிருந்தாள். வேதியியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"ஐந்துக்கு நான்கு. எங்களுக்கு அது போதும். இதை ஏன் மறைத்தாய்?"

சுரேகா வீட்டில் ஐந்துக்கு நான்கு என்றால் நூற்றுக்கு எண்பது. எண்பது என்றால் வந்த விருந்தாளி பேச்சை மாற்றிவிடுவார்.

ராகேஷ் கணினியைப் பார்த்தார். இரண்டாமாண்டு வேதியியல் இந்தப் பருவத்தில் மட்டுமே நடக்கும். மூன்று இடங்கள் மிச்சம். இன்று வெள்ளி, மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடிவிடும். மதிப்பெண் தாளை அச்சடித்துக் கொண்டுவந்தால் இப்போதைக்குச் சேர்த்துவிடுகிறேன், முறையான சான்று பிறகு வரட்டும் என்றார். விட்டால் ஒரு வருடம் பின்னால் போகும்.

ஏற்கெனவே வருடத்தில் ஒரு துண்டு போய்விட்டது. ஹூஸ்டனில் பள்ளி ஜூனில் முடிந்தது, ஆக்லாந்தில் வகுப்பு பிப்ரவரி கடைசியில்தான் தொடங்கியது. இடையில் இருந்த எட்டு மாதத்தில், இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து சான்ட்ரிங்ஹாமில் ஒரு மளிகைக் கடையில் பருப்புப் பாக்கெட் அடுக்கினாள். இன்னொரு வருடமும் அப்படிப் போகக் கூடாது.

நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வுக் கணக்கைத் திறக்கப் பார்த்தாள். பழைய பள்ளி மின்னஞ்சல் செத்துப்போயிருந்தது. திறப்பதற்கான எண்ணை மாற்று முகவரிக்குத்தான் அனுப்புவார்களாம். அது அப்பாவுடையது.

மதிப்பெண் வந்த அதே வாரம்தான் ஹூஸ்டன் எண்ணெய்க் கம்பெனியில் அப்பா லெட்சுமணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மதிப்பெண் வருவதற்கு முன்பே அவர் மலேசியாவில் ஈப்போவிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம், "எம்பொண்ணுக்கு எல்லாத்துலயும் அஞ்சு" என்று போன் போட்டுச் சொல்லியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து அவளால் நாலு என்று சொல்ல முடியவில்லை. பரீட்சையன்று வயிற்றுவலி, பாதியில் எழுந்து வந்துவிட்டேன், அதனால் மதிப்பெண்ணே இல்லை என்றாள்.

வேலை தேடிக் குடும்பம் ஆக்லாந்துக்கு வந்தபின், இப்போது அவர் மங்கரேயில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. மூன்றரைக்குத் தேநீர் இடைவேளை. மூன்றரைக்கு எண்ணை அனுப்பச் சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டு அழைத்தாள். பத்து நிமிடத்தில் அந்த எண் காலாவதியாகிவிடும்.

"பசியாறிட்டியா மா?"

"ஆச்சுப்பா. ஒங்க ஈமெயிலுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். படிங்க."

"யாரு கேக்குறா?"

"நாந்தான்."

"நீதான்னு எப்படித் தெரியும்? இப்பல்லாம் கொரல கூட அப்படியே பண்றானுங்க. நம்ம வீட்டு நாயி பேரு என்னா?"

"நம்ம வீட்டுல நாயே இல்லப்பா!"

"சரி, நீதான். எதுக்கு இந்த நம்பரு?"

நூலக அட்டைக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு பொய் இருந்த இடத்தில் இரண்டாவதை உட்கார வைப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததே அவளைப் பயமுறுத்தியது. எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் பீப் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவின் மௌனங்களை அவள் வகை பிரித்து வைத்திருந்தாள். சாலையில் காடி ஓட்டும்போது ஒன்று, அம்மா கோபமாக இருக்கும்போது ஒன்று. இது எதிலும் சேரவில்லை.

"எத்தன?"

"நாலு."

"எத்தனைக்கு?"

"அஞ்சுக்கு."

மறுபடியும் பீப், பீப். நிமிடம் ஏழு ஆனது.

"அப்ப அன்னிக்கு வயித்து வலி?"

"இல்லப்பா. முழுசா எழுதினேன்."

"மொத நாளு வச்ச நண்டுக் கறிய சூடு பண்ணி ஒனக்குப் போட்டது நானு" என்றார் லெட்சுமணன். "அதனாலதான் புள்ள பரீட்ச போச்சுன்னு ஒங்கம்மா இன்னிய வரைக்கும் சொல்லிக் காட்டுறா. அதுக்கப்புறம் நான் அடுப்பு பக்கமே போறதில்ல."

அவர் சமைக்காததை வேலைக் களைப்பு என்றே சுரேகா நினைத்திருந்தாள். பொய்யைக் கீழே வைத்தவள், அது யார்மேல் விழுந்தது என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"சாரிப்பா."

நிமிடம் பத்தைத் தாண்டியது. பிறகு இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

"நாலு அவனுங்களுக்குப் போதுமாமா?"

"போதுமாம்."

"அப்பறம் நமக்கு என்னா வந்துச்சு? நம்பர எழுதிக்க."

"அது முடிஞ்சிருச்சுப்பா. புதுசா அனுப்பணும்."

"அனுப்பு லா. பிரேக் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறேன்னு சொல்லுவா."

கன்டெய்னர் எண்ணைக் கூவுவதுபோல் ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை படித்தார்.

நாலே முக்காலுக்குத் தாளை ராகேஷின் மேசையில் வைத்தபோது ஓர் இடம் மட்டுமே பாக்கி. அவர் அவசரமே இல்லாமல் தட்டச்சு செய்தார். திரையில் பச்சை நிறத்தில் சுரேகாவின் பெயர் வந்தது.

அன்று மாலை ஏவன்டேல் வீட்டில் அம்மா ஜோசபின் மகளைத் திட்டினாள். பிறகு கணவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், நாளைக்கு நீங்களே சமையுங்கள் என்பதுபோல் கரண்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு இரண்டாமாண்டு வகுப்பில் விரிவுரையாளர் திரையில் காட்டிய முதல் படமே சுரேகாவுக்குப் புரியவில்லை. அதை அப்படியே வரைந்துகொண்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டாள். இரண்டாவது படத்துக்கும் போட்டாள். மூன்றாவது பாதி புரிந்தது.